கைநாட்டும் நாற்காலியும்: ஜான் மெர்சர் லாங்ஸ்டனை முன்வைத்து

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "சட்டம் படிக்கிற பிள்ளைங்க நெறைய வர்றாங்க, அவங்களுக்குப் பிரயோசனமா எதாவது பேசுங்க"ன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நீங்கள் புத்தகத்தைப் பார்த்தே படித்துக்கொள்ளலாம். அதனால் ஒரு வக்கீலின் கதையைச் சொல்கிறேன். நம்மூர் வக்கீல் இல்லை, அமெரிக்கக் கறுப்பர். போன நூற்றாண்டும் இல்லை, அதற்கும் முந்தின நூற்றாண்டு. வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஓட்டில் ஜெயித்தும் தன் நாற்காலியில் உட்காருவதற்கு ஒன்றரை வருசம் சண்டை போட்டவர். கடைசியில் ஒரு பெரிய தப்பும் செய்தவர். அந்தத் தப்பைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

கறுப்பர்களின் கவிதைகளை வாசிக்கிற தோழர்களுக்கு லாங்ஸ்டன் ஹியூஸ் தெரியும். அந்த 'லாங்ஸ்டன்' எங்கிருந்து வந்தது? அவர் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குடும்பப் பெயர் அது. தாத்தா பேர் சார்லஸ் லாங்ஸ்டன். அந்த சார்லசுக்குத் தம்பி ஜான் மெர்சர் லாங்ஸ்டன். இவர்தான் நம்ம ஆள்.

'நம்ம பிரச்சினை இங்க கெடக்க, அமெரிக்காக்காரன் கதை எதுக்கு?' என்று சிலர் கேட்பார்கள். இந்த உறவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதினபோது, அதை அமெரிக்காவில் கறுப்பர்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். அம்பேத்கர் 1946இல் கறுப்பர் தலைவர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஆக நூத்தம்பது வருசமாக நாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம்.

வர்ஜீனியா மாநிலம் லூயிசா கவுண்டியில் 1829 டிசம்பர் 14இல் பிறந்தார். அப்பா ரால்ஃப் குவார்ல்ஸ், வெள்ளைக்காரப் பண்ணையார். அம்மா லூசி லாங்ஸ்டன், அதே பண்ணையில் அடிமையாக இருந்த பெண். கறுப்பர், செவ்விந்தியர் இரு வழியிலும் வந்தவர். அவருக்கு 1806இலேயே விடுதலை கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் நிலை தாயின் நிலை என்பது அடிமைச் சட்டம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அப்பன் எவனாக இருந்தாலும் கணக்கில்லை. அம்மா விடுதலையானதால்தான் ஜான் சுதந்திர மனிதராகப் பிறந்தார். ஒரு காகிதம் அவர் தலையெழுத்தை மாற்றியது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் திரும்பத் திரும்ப வரும்.

1834இல் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அப்பா பிள்ளைகளுக்குச் சொத்து எழுதி வைத்திருந்தார். பிள்ளைகளை ஒஹாயோ மாநிலத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அடிமை முறை கிடையாது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஜானை வளர்த்தார். சில வருசத்தில் அவர் மிசௌரிக்குக் குடிபோகக் கிளம்பினார். மிசௌரி அடிமை மாநிலம். பையன் அங்கே போனால் அவன் சுதந்திரமும் போகும், சொத்தும் போகும். தாய் வழி அண்ணன் ஒருவர் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார். நீதிபதி பையனை ஒஹாயோவிலேயே நிறுத்தினார். அப்போது ஜானுக்கு ஒன்பது வயசு இருக்கும். அந்தக் கோர்ட்டைப் பார்த்ததுதான் தனக்குச் சட்டத்தின் மேல் ஆசை வர ஆரம்பம் என்று பின்னால் எழுதினார்.

ஆனால் சட்டத்தின் இன்னொரு முகத்தையும் சின்ன வயசிலேயே பார்த்தார். 1841இல் சின்சினாட்டியில் கறுப்பர்கள் குடியிருந்த பகுதியை வெள்ளையர் கூட்டம் பீரங்கி கொண்டுவந்து தாக்கியது. கறுப்பர்கள் துப்பாக்கி எடுத்துத் திருப்பி அடித்தார்கள். அப்புறம் அதிகாரிகள் வந்து யாரைப் பிடித்தார்கள்? கறுப்பு ஆண்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நம்மூரில் சேரி எரிந்த மறுநாள் நடப்பது ஞாபகம் வருகிறதா? அதேதான். பதினோரு வயசுப் பையனாக அந்த ஊரில் இருந்து இதைப் பார்த்தார் லாங்ஸ்டன்.

ஓபர்லின் கல்லூரி 1835இலிருந்து கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே 1849இல் பி.ஏ. முடித்தார். சட்டம் படிக்க வேண்டும் என்பது ஆசை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் முடியாது என்றார்கள். ஆனால் ஒரு வழி சொன்னார்கள். ஆள் கொஞ்சம் வெளுத்த நிறம்தானே, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் அல்லது ஸ்பெயின்காரர் என்று சொல்லிக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். லாங்ஸ்டன் மறுத்துவிட்டார். தான் கறுப்பர், அமெரிக்கர், அப்படியேதான் வருவேன் என்றார். சின்சினாட்டி சட்டப் பள்ளியும் கதவைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சட்டம் படித்த காலத்தில் வாடகைக்கு அறை தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "தம்பி நீங்க என்ன ஆளுக?"ன்னு கேட்டார். நான் பொய் சொன்னேன். வேறு ஒரு சாதிப் பேரைச் சொல்லித்தான் அந்த அறையில் மூன்று வருசம் இருந்தேன். ஊரிலிருந்து எங்கம்மா பார்க்க வருவேன் என்றபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வரவிடவில்லை. வந்தால் பேச்சிலேயே தெரிந்துவிடும் என்று பயம். இங்கே இருக்கிற பலரும் இதைச் செய்திருப்பீர்கள். ஏன் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். அறை வேண்டும், படிக்க வேண்டும். ஆனால் 1850இல் இருபது வயசுப் பையன் ஒருவன், 'அந்தச் சீட்டே எனக்கு வேண்டாம்' என்று திரும்பி வந்ததைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் ஓபர்லினில் இறையியல் படித்தார். பிறகு எலைரியா என்கிற ஊரில் ஃபிலெமன் பிளிஸ் என்கிற வெள்ளைக்கார வக்கீலிடம் சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் ஒரு வக்கீலிடம் இருந்து படித்தே தேர்வுக்குப் போகலாம். 1854இல் தேர்வு. பாஸ் பண்ணிவிட்டார். ஆனால் ஒஹாயோவில் வெள்ளையருக்குத்தானே இந்த உரிமை எல்லாம், இவரை எப்படிச் சேர்ப்பது? கோர்ட் ஒரு வழி கண்டுபிடித்தது. இவர் உடம்பில் கறுப்பு ரத்தத்தைவிட வெள்ளை ரத்தம் அதிகம், ஆகவே சட்டப்படி வெள்ளையர் என்று சொல்லி வக்கீலாகப் பதிவு செய்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள். வெள்ளையாக வேசம் போட மாட்டேன் என்றவரை, சட்டமே வெள்ளை வேசம் போட்டு உள்ளே விட்டது. அவரோ கடைசிவரை கறுப்பராகவே வாழ்ந்தார், கறுப்பராகவே பேசினார்.

அடுத்த வருசம், 1855இல், பிரௌன்ஹெல்ம் என்கிற சின்ன ஊரில் டவுன்ஷிப் கிளார்க் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டுப் போட்டவர்கள் வெள்ளைக்கார விவசாயிகள். அமெரிக்காவில் மக்கள் ஓட்டால் பதவிக்கு வந்த ஆரம்பகாலக் கறுப்பர்களில் ஒருவர் இவர். அப்போது தெற்கே நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள்.

வக்கீலாக அவர் நடத்திய ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன், சட்டம் படிக்கிறவர்களுக்காக. 1862இல் ஓபர்லினில் எட்மோனியா லூயிஸ் என்கிற மாணவி. கறுப்பர், செவ்விந்தியர் வழியில் வந்த பெண். கூடத் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒயினில் விசம் கலந்து கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணைக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணைத் தூக்கிப் போய் அடித்துக் குளிரில் வயலில் போட்டுவிட்டுப் போனது ஒரு கூட்டம். அடித்தவர்கள் மேல் வழக்கே இல்லை. லாங்ஸ்டன் இந்தப் பெண்ணுக்காக ஆஜரானார். அழுது வாதாடவில்லை, உபதேசம் செய்யவில்லை. விசம் விசம் என்கிறீர்களே, அது எங்கே? வயிற்றில் இருந்ததை யாராவது எடுத்துச் சோதித்தீர்களா? சோதிக்கவில்லை. அப்படியானால் குற்றம் நடந்தது என்பதற்கே சாட்சியம் இல்லை. வழக்கு தள்ளுபடி. எட்மோனியா லூயிஸ் பின்னால் உலகம் அறிந்த சிற்பி ஆனார். ஆத்திரம் நமக்கு நிறைய இருக்கிறது, அது வேணும்தான். ஆனால் கோர்ட்டில் சாட்சியம்தான் பேசும்.

உள்நாட்டு யுத்தம் வந்தபோது கறுப்புப் படைப் பிரிவுகளுக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். 1864இல் சிராக்யூஸ் நகரத்தில் கறுப்பர்களின் தேசிய மாநாடு நடந்தது. அங்கே உருவான தேசிய சம உரிமைக் கழகத்துக்கு இவரே தலைவர். யுத்தம் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அமைப்பில் பள்ளிகளின் ஆய்வாளராகத் தெற்கு மாநிலங்கள் முழுக்கச் சுற்றினார். 1869இல் வாசிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் (இது ஹார்வர்ட் இல்லை, விடுதலையான கறுப்பர்களுக்காகத் தொடங்கியது) சட்டத்துறையை ஆரம்பித்து அதன் முதல் தலைவராக இருந்தார். தன்னை உள்ளே விடாத சட்டப் பள்ளிகளுக்குப் பதிலாகத் தானே ஒரு சட்டப் பள்ளி. 1872இல் அங்கிருந்து வெளிவந்த சார்லட் ரே அமெரிக்காவின் முதல் கறுப்புப் பெண் வக்கீல்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புத் தலைவராகவும் 1873இலிருந்து இருந்தார். பொறுப்பு என்றால் வேலை எல்லாம் பார்க்கலாம், பதவி மட்டும் கிடைக்காது. 1875இல் நிரந்தரத் தலைவராக்க வேண்டிய நேரம் வந்தபோது நிர்வாகக் குழு இவரைத் தாண்டிப் போய்விட்டது. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். 1877இல் ஹெய்ட்டிக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். அடிமைகளே புரட்சி செய்து 1804இல் விடுதலையான நாடு ஹெய்ட்டி. அங்கே எட்டு வருசம். அவருக்குச் சட்டப்படி ஆண்டுச் சம்பளம் 7,500 டாலர். நடுவில் நாடாளுமன்றம் 5,000 டாலர் மட்டும் ஒதுக்கியது. மனிதர் விடவில்லை. அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு 1886இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 'போனாப் போகுது'ன்னு விடுகிற ஆள் கிடையாது. இந்தக் குணத்தைக் கவனியுங்கள், அடுத்து வருவதற்கு இதுதான் அச்சாரம்.

1885இல் பிறந்த மாநிலத்துக்கே திரும்பினார். வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் பக்கம் கறுப்பர்களுக்கான அரசுக் கல்லூரியின் தலைவர் பதவி. மாநிலத்தில் ஆட்சி மாறியதும் அதுவும் போனது. 1888இல், ஐம்பத்தெட்டு வயசில், வர்ஜீனியாவின் நான்காவது தொகுதியில் காங்கிரசுக்குப் போட்டியிட்டார். காங்கிரஸ் என்றால் நம்மூர்க் கட்சி இல்லை, அந்த நாட்டு நாடாளுமன்றம். அந்தத் தொகுதியில் பெரும்பான்மை கறுப்பர்கள்.

அன்றைக்குக் கறுப்பர்களின் கட்சி குடியரசுக் கட்சி. லிங்கனின் கட்சி. அவர்களை அடிமையாக வைத்திருந்த கூட்டம் ஜனநாயகக் கட்சி. இன்றைய நிலையை வைத்து குழப்பிக்கொள்ளாதீர்கள். வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியைக் கையில் வைத்திருந்தவர் வில்லியம் மஹோன். உள்நாட்டு யுத்தத்தில் அடிமை மாநிலங்களின் பக்கம் நின்று சண்டை போட்ட தளபதி. பின்னால் கறுப்பர்களின் ஓட்டோடு கூட்டு வைத்து மாநிலத்தைப் பிடித்தவர். நியாயமாகச் சொன்னால், அந்தக் கூட்டணி கறுப்பர்களுக்குச் சிலது செய்தது. ஓட்டுப் போடக் கட்ட வேண்டியிருந்த தலைவரியை எடுத்தது. லாங்ஸ்டன் தலைவராக இருந்த கல்லூரியைத் தொடங்கியதும் அதுதான். பள்ளிக்கூடம் தரலாம், வரியை எடுக்கலாம். நாற்காலி? அது முடியாது. கறுப்பர் பெரும்பான்மையாக இருந்த தொகுதிக்கு மஹோன் ஆதரவில் நின்றவர் ஆர்னால்ட் என்கிற வெள்ளையர். நமக்கு இது புதுசா? ஓட்டு நம்முடையது, வேட்பாளர் அவர்களுடைய ஆள். 'ஒங்களுக்கு எல்லாம் நாங்க செய்யறோம், நீங்க எதுக்கு நிக்கணும்?' என்கிற குரல் எல்லா நாட்டிலும் ஒரே குரல்தான்.

லாங்ஸ்டன் தனியாக நின்றார். இதில் வருத்தமான விசயம், கறுப்பர்களின் மாபெரும் தலைவர் ஃபிரடரிக் டக்ளஸ், லாங்ஸ்டனை ஆதரிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார். கட்சி உடையும், இன அடிப்படையில் ஓட்டுக் கேட்பது தப்பு என்பது அவர் வாதம். டக்ளஸை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் தலைவர்கள் ஒருவர் காலை ஒருவர் வாருவது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டுப் பதிவு நாள். கறுப்பருக்கு ஒரு வரிசை, வெள்ளையருக்கு ஒரு வரிசை. கறுப்பு வரிசை நகரவே நகராது. அவன் பேர் என்ன, எந்தத் தெரு, இது நீதானா என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்பார்கள். சாயங்காலம் ஆனதும் நேரம் முடிந்தது என்பார்கள். பெட்டி யார் கையில்? ஜனநாயகக் கட்சி ஆட்கள் கையில். எண்ணுவதும் அவர்கள். அறிவித்த கணக்கு இது: ஜனநாயகக் கட்சியின் வெனபிள் 13,298, லாங்ஸ்டன் 12,657, ஆர்னால்ட் 3,207. 641 ஓட்டில் லாங்ஸ்டன் தோல்வி என்று எழுதிவிட்டார்கள்.

இங்கேதான் வக்கீல் லாங்ஸ்டன் வேலையை ஆரம்பித்தார். தேர்தலை எதிர்த்து காங்கிரசில் முறையீடு செய்தார். அங்கே கோர்ட் இல்லை, நாடாளுமன்றமே இதை விசாரிக்கும். சாட்சியம் வேண்டும். பெட்டிக்குள் இருந்த சீட்டு அவர்கள் கையில். இவர் கையில் என்ன இருக்கிறது? ஓட்டுப் போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். 'நான் இன்ன இடத்தில் நின்றேன், லாங்ஸ்டனுக்குத்தான் போட்டேன்' என்று கறுப்பர்கள் வந்து சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொன்னார்கள். இவர்களில் பலர் அடிமையாகப் பிறந்தவர்கள். எழுத்துத் தெரியாதவர்கள் ஏராளம். தெரியாதது அவர்கள் குற்றமா? கறுப்பர்களைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று 1831இல் சட்டம் போட்ட மாநிலம் அது. பண்ணையார் நிலத்தில்தான் வேலை, பண்ணையார் கடையில்தான் கடன். அப்படி இருந்தும் வந்து சொன்னார்கள். நான் கீழ்க் கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவன். நம் வழக்குகளில் சாட்சிகள் எப்படிப் பிறழ்சாட்சி ஆகிறார்கள், ஏன் ஆகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூலி போகும், வீடு போகும், உயிரே போகும். அதனால் சொல்கிறேன், அந்த வழக்கில் ஜெயித்தது லாங்ஸ்டனின் ஆங்கிலம் மட்டும் இல்லை. அந்தக் கைநாட்டுக்காரர்களின் வாய்.

பதவிக் காலம் 1889 மார்ச் 4இல் தொடங்கிவிட்டது. நாற்காலியில் வெனபிள் உட்கார்ந்திருக்கிறார். வழக்கு இழுக்கிறது. 1890 செப்டம்பர் 23இல்தான் சபை லாங்ஸ்டனே ஜெயித்தவர் என்று தீர்மானித்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் சபைக்கு வராமல் வெளியே இருந்துகொண்டார்கள். ஒரு கறுப்பர் பதவி ஏற்பதைக் கண்ணால் பார்க்கக்கூடச் சகிக்கவில்லை. வர்ஜீனியாவிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பர் இப்படித்தான் உள்ளே போனார். இரண்டு வருசப் பதவியில் ஒன்றரை வருசம் போய்விட்டது. மீதி 1891 மார்ச் 3 வரைக்கும். நடுவில் நவம்பரில் மறுதேர்தல், அதில் தோற்றுவிட்டதாக அறிவித்தார்கள். ஆக, உட்கார்ந்தது ஐந்து மாசமும் சில நாளும்.

நாற்காலி என்றதும் நமக்கு மேலவளவு ஞாபகம் வராமல் இருக்காது. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி நமக்கு என்று சட்டம் எழுதியது. முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30இல் அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவிக்கு உருப்படியாகத் தேர்தல் நடக்கவே 2006 ஆனது. நூறு வருச இடைவெளி, ஏழு கடல் தூரம். ஆனால் விசயம் ஒன்றுதான். சட்டப் புத்தகத்தில் இருக்கிற நாற்காலியும் ஊரில் இருக்கிற நாற்காலியும் வேறு வேறு நாற்காலி.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன்.

கிடைத்த சில மாசத்தில் லாங்ஸ்டன் சபையில் என்ன செய்தார்? கறுப்பர்களின் ஓட்டுரிமையைக் காப்பாற்ற வேண்டும் என்று 1891 ஜனவரியில் உரக்கப் பேசினார். கறுப்பர்களுக்குத் தொழில் கல்வி தர ஒரு தேசியப் பல்கலைக்கழகம் கேட்டார். எல்லாம் சரி. கூடவே ஒரு அரசியல் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தார். நாடாளுமன்றத் தேர்தலில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அப்படி ஓட்டுள்ளவர்களின் கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்க வேண்டும். அவர் நினைப்பு என்னவென்றால், கறுப்பர்களைத் தலைக்கணக்குக்கு மட்டும் எண்ணிக்கொண்டு ஓட்டுப் போட விடாமல் ஏமாற்றுகிற தெற்கு மாநிலங்களுக்கு இடம் குறையும். வெள்ளையரிலும் படிக்காதவர் நிறைய, விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் மோசடி குறையும். வக்கீல் மூளைக்கு அது ஒரு நல்ல தந்திரம். திருத்தம் நிறைவேறவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? வரிசையில் மணிக்கணக்காக நின்றவர்கள், அப்புறம் பயப்படாமல் வந்து சாட்சி சொன்னவர்கள். அதில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? அவர் விதிப்படி அவர்களுக்கு ஓட்டே கிடையாது. ஏணியில் ஏறிப் போனவர், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, 'நீ எழுத்துக் கத்துக்கிட்டு வா' என்கிறார். லாங்ஸ்டன் வசதியானவர். பெரிய மனுசத் தோரணை உள்ளவர். தன் சுயசரிதையைக்கூட 'நான்' என்று எழுதாமல் யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோல் எழுதினார், 1894இல். படிப்புதான் மனிதனை மனிதனாக்குகிறது என்று நம்பினவர். அந்த நம்பிக்கை படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதை அவர் பார்க்கவில்லை.

எதிரி பார்த்தான். லாங்ஸ்டன் 1897இல் இறந்துபோனார். 1902இல் வர்ஜீனியா புது அரசியல் சட்டம் எழுதியது. தலைவரி திரும்ப வந்தது. அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் புரிந்து விளக்கம் சொன்னால்தான் வாக்காளராகப் பதியலாம் என்ற விதியும் வந்தது. கேள்வி கேட்கிற அதிகாரி வெள்ளையர். சரியான விளக்கம் எது என்று முடிவு செய்கிறவரும் அவரே. கறுப்பர்களின் ஓட்டு அந்த மாநிலத்தில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. லாங்ஸ்டனுக்குப் பிறகு வர்ஜீனியாவிலிருந்து அடுத்த கறுப்பர் காங்கிரசுக்குப் போனது எப்போது தெரியுமா? 1993இல். நூற்றிரண்டு வருசம் ஆகியிருந்தது. 1902க்கு லாங்ஸ்டன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அநியாயம். எதிரி தன் ஆயுதத்தைத் தானே செய்துகொள்வான். நம்ம ஆளே அதற்குச் சாணை பிடித்துக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

இன்னொரு வக்கீலையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். படிப்பில் லாங்ஸ்டனைவிடக் குறைந்தவரா அம்பேத்கர்? நியூயார்க்கில் படித்தார், லண்டனில் படித்தார், பாரிஸ்டர் ஆனார். 'கற்பி' என்று நமக்குச் சொன்னவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் 1928இல் சைமன் கமிஷன் முன்னால் என்ன கேட்டார்? வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. அன்றைக்கு இந்த நாட்டில் ஓட்டு என்பது சொத்துள்ளவனுக்கும் வரி கட்டினவனுக்கும் படித்தவனுக்கும்தான். சேரியில் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். அம்பேத்கர் நம் சனங்களைப் படித்துவிட்டு வாருங்கள் என்று வாசலில் நிறுத்தவில்லை. கைநாட்டுப் போடுகிறவளுக்கும் சேர்த்தே கேட்டார். தனக்கு என்ன வேண்டும், தன்னைக் கஷ்டப்படுத்துவது எது என்பது எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். ஓட்டுப் போடப் போடத்தான் அரசியலும் தெரியும். இரண்டு வக்கீல்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2015இல் அரியானாவில் ஊராட்சித் தேர்தலில் நிற்கவே படிப்புத் தகுதி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, தலித் பெண்கள் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு. குறைத்துத்தானே கேட்டிருக்கிறார்கள் என்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாதவளுக்கு ஐந்தும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான். அதே வருசம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நம்மில் படித்த பிள்ளைகள் சிலரே, 'தற்குறிங்கள்லாம் தலைவராகி என்ன பண்ணப் போறாங்க, ரப்பர் ஸ்டாம்புதானே'ன்னு பேசினதை என் காதால் கேட்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு லாங்ஸ்டன் ஞாபகம் வந்தார். அதனால்தான் இன்றைக்கு இவரைப் பேச எடுத்துக்கொண்டேன்.

எங்கம்மா கைநாட்டு. அவர் ஒருமுறைகூட ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. ஊரில் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டி வந்தபோது படித்த நாலு பேர் பின்வாங்கினார்கள். அம்மா போனார். "பாத்ததச் சொல்றதுக்குப் படிப்பு எதுக்குடா?"ன்னு கேட்டார். அந்த அம்மாவைத்தான் நான் மூன்று வருசம் என் அறைக்கு வரவிடவில்லை. அவரை ஒளித்து வைத்தது நான் சொன்ன பொய். லாங்ஸ்டன் அந்த மாதிரிப் பொய்யைச் சொல்லவில்லை. ஆனால் அம்மா மாதிரி மனிதர்களின் ஓட்டில் கை வைத்தார். இரண்டு தப்பில் எது பெருசு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டுமே படித்தவன் செய்கிற தப்பு.

சட்டம் படியுங்கள் தோழர்களே. நன்றாகப் படியுங்கள். லாங்ஸ்டனைப் போலச் சாட்சியத்தைத் தேடிப் பிடியுங்கள், ஒரு ஓட்டையும் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேசம் போட்டால்தான் சீட்டு என்றால் அந்தச் சீட்டு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கட்டும். கறுப்புக் கோட்டு போட்டபின் சேரிக்குப் போனால் நமக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் கைநாட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் நமக்கு வழக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவர்கள் ஓட்டின் மேல் யார் கை வைத்தாலும், கை வைப்பது நம்ம ஆளாகவே இருந்தாலும், முதலில் எழுந்து நிற்கிற வக்கீல் நீங்களாக இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.